ஆள் பார்த்துத் தூக்கணும்

அந்த முதியோர் இல்லத்தில் எல்லாருக்கும் அவள் சித்திதான். தொண்ணூற்றிரண்டு வயது அம்மாளுக்கும் சித்தி, வாசல் காவலாளிக்கும் சித்தி. வேலைக்கு வந்த முதல் நாள், ஞாபகம் தப்பிய ஒரு பெரியம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இவ்வளவு நேரம் எங்கே போயிருந்தே சித்தி என்று கேட்டு அழுதாள். நான் உங்கள் சித்தி இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. கடைக்குப் போயிருந்தேன் என்று சொல்லிவைத்தாள். அன்றைக்கு ஒட்டிய பெயர், பதினோரு வருடமாகியும் உரியவில்லை.

ஒரே ஒருவர் மட்டும் அவளைச் சித்தி என்று கூப்பிடுவதில்லை. இரண்டாம் மாடியின் மேற்பார்வையாளர். அவர் சித்திக்கு நாத்தனார், வீட்டுக்காரரின் அக்கா. வீட்டில் அவரை 'அண்ணி' என்று கூப்பிட வேண்டும், இல்லத்தில் 'மேடம்' என்று கூப்பிட வேண்டும். வேலை வாங்கிக் கொடுத்தது அவர். குடியிருப்பதும் அவருடைய வீட்டின் கீழ்ப்பகுதியில். அண்ணி மேலே செருப்பை மாற்றிப் போட்டால் கீழே சித்திக்குத் தெரியும். "எனக்கு ரெண்டு இடத்திலேயும் கூரை ஒண்ணுதான்" என்று சமையல்காரரிடம் ஒருமுறை சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

வருடத்துக்கு நாலு தடவை ஊழியர்களுக்குப் பயிற்சி நடக்க வேண்டும் என்பது விதி. நடக்கும் விதம் இதுதான். காலை ஏழு மணிக்கு ஷிஃப்ட் மாறும். போகிறவர்கள் பையை மாட்டியாகிவிட்டது, வருகிறவர்கள் பையை இன்னும் கழற்றவில்லை. அந்த இடைவெளியில் அண்ணி பயிற்சி ரிஜிஸ்டரை மேஜைமேல் விரிப்பார். தலைப்பை வாசிப்பார்: தூக்குதலும் நகர்த்துதலும், மூன்று மணி நேரம், செய்முறையுடன். பிறகு அந்த மூன்று மணி நேரத்தையும் சுண்டக் காய்ச்சி ஒரு வரியாக்கிக் கொடுப்பார்.

"ஆள் பார்த்துத் தூக்கணும். புரிஞ்சுதா? கையெழுத்தைப் போடுங்க."

புரிந்தது என்று எல்லாரும் தலையாட்டுவார்கள். வண்டியைப் பிடிக்க வேண்டுமே.

அண்ணி சொன்னதன் பொருள் வேறு. கூட ஓர் ஆளைத் தேடிப் பார்த்து, இரண்டு பேராகத் தூக்க வேண்டும் என்பது. சித்திக்குப் புரிந்தது வேறு. ஆள் பார்த்துப் பேசு, ஆள் பார்த்துப் பழகு என்பதில்லையா, அதுபோல, தூக்கப் போகிற ஆள் எப்படிப்பட்டவர், அன்றைக்கு உடம்பில் தெம்பு இருக்கிறதா, கால் ஊன்றுமா என்று பார்த்துத் தூக்க வேண்டும் என்பது. பயிற்சி விதி வந்த இரண்டு வருடமாக அதைக் கண்ணும் கருத்துமாகச் செய்துவந்தாள். அந்த மாடியிலேயே பயிற்சியை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தவள் அவள்தான். அதுதான் வினை.

தூக்குவதற்கென்று ஒரு மிஷினும் இருந்தது. நீளக் கை வைத்தது. அந்தக் கையில் ஒரு துணித் தொட்டிலை மாட்டி, அதில் ஆளை உட்கார வைத்து, பட்டனை அழுத்தினால் தானே தூக்கும். வந்த நாளிலிருந்து பிளாஸ்டிக் உறைகூடப் பிரியாமல் பயிற்சி அறையில் நின்றது. வேளைக்குத் துடைத்துவிட வேண்டும், யாரும் வேலை சொல்லக் கூடாது. அதனால் ஊழியர்கள் அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

விழுந்தது ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு. விழுந்தவர் ஸ்டேஷன் மாஸ்டர். ஓய்வு பெற்று இருபத்தைந்து வருடமாகியும் அவர் வாயிலிருந்து ரயில் இறங்கவில்லை. மருந்து வர நேரமானால், வண்டி எண் தெரியவில்லை, தாமதம் மட்டும் தெரிகிறது என்று அறிவிப்புக் கொடுப்பார். பக்கவாதத்தில் இடது கையும் இடது காலும் போனவர். வலது கை ஒன்றுதான் அவருக்குச் சோறு, சவரம், சலாம் எல்லாம்.

அன்றைக்குச் சித்தி ஆள் பார்த்தாள். கண்ணில் தெளிவு இருந்தது. வலது காலை ஊன்றச் சொன்னாள், ஊன்றினார். கிளம்பலாமா என்று கேட்டாள். பச்சை விழுந்தாச்சு என்றார். கக்கத்தில் கை கொடுத்து எழுப்பினாள். கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவே, இன்னும் ஒரு சாண்தான் பாக்கி, முழங்கால் சட்டென்று மடங்கியது. சித்தி தன் உடம்பை அடியில் கொடுத்தாள். இடுப்பு தப்பியது. ஊன்றிய வலது மணிக்கட்டு தப்பவில்லை.

தரையில் கிடந்தபடியே, "தடம் புரண்டுடுச்சு சித்தி. பயணிகளுக்குச் சேதமில்லை" என்றார். பிறகுதான் வலி வந்து சேர்ந்தது.

அவருடைய மகள் வந்தபோது கையில் கட்டுப் போட்டாகிவிட்டது. அவள் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் சித்திக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அப்பாவை ரெண்டு பேராத்தான் தூக்கணும்னு உங்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கலையா என்று மட்டும் கேட்டாள். சித்தி, ஆள் பார்த்துத்தான் தூக்கினேன் என்று ஆரம்பித்தாள். பாதி வாக்கியத்தில் அவளுக்கே உறைத்தது, எந்த ஆளைப் பார்த்திருக்க வேண்டும் என்று.

பின்னாலிருந்து அண்ணி சொன்னார்: "சொல்லிக் கொடுத்திருக்கோம்மா. கையெழுத்து இருக்கு."

கையெழுத்து இருந்தது. எட்டு இடத்தில் இருந்தது.

மகள் முதியோர் இல்லங்களைக் கண்காணிக்கும் துறைக்கு எழுதிப் போட்டாள். அடுத்த வாரம் வியாழக்கிழமை விசாரணைக்கு ஆய்வாளர் வருகிறார் என்று கடிதம் வந்தது. அன்றிலிருந்து சித்தி இரண்டு பதிலையும் நிறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லித் தந்தார்கள் என்றால், தெரிந்தே ஒற்றை ஆளாகத் தூக்கி, மிச்சமிருந்த ஒரு கையையும் ஒடித்தவள். சொல்லித் தரவில்லை என்றால், பொய்க் கையெழுத்துப் போட்டவள், அதோடு நாத்தனார் தலையில் கல்லைப் போட்டவள். எந்தப் பக்கம் திரும்பினாலும் போகப் போவது கழுத்தில் தொங்கும் பராமரிப்பாளர் அட்டை. அந்த அட்டை இல்லாதவர் இல்லத்தில் ஒருவரையும் தொட்டுத் தூக்கவோ, குளிப்பாட்டவோ, ஊட்டவோ கூடாது.

வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் மின்விசிறியைக் கழற்றிப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா நம்மை விட்டுக்கொடுக்க மாட்டாள், அவள் சொல்வதைக் கேட்டுச் சொல்லிவிட்டு வா என்றார். சித்தி மெல்லக் கேட்டாள், உங்க அக்கா சொல்லித் தரவே இல்லையே என்று. அவர் இறக்கையைத் திருப்பித் திருப்பித் துடைத்தார்.

"கையெழுத்துப் போட்டது நீதானே?"

மேலே செருப்புச் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

விசாரணை வாரத்துச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் அண்ணி நிஜமாகவே பயிற்சி வைத்தார். ஆய்வாளர் கேட்டால் முழிக்கக் கூடாது அல்லவா? மாப்பிள்ளையின் உறையைக் கத்தரித்தார்கள். சித்தியோடு, நெட்டை என்று எல்லாரும் கூப்பிடும் உயரமான ஊழியரும், குளியலறை வேலை பார்க்கும் இன்னொரு பெண்ணும் வந்திருந்தார்கள். மிஷினோடு வந்த படத்தாளை அண்ணி கையில் வைத்துக்கொண்டு, படத்தையும் மிஷினையும் மாறி மாறிப் பார்த்தார். நெட்டை எட்டிப் பார்த்து, மேடம் தாளைத் தலைகீழா பிடிச்சிருக்கீங்க, அந்த ஆள் மோட்டுவளையில உட்கார்ந்திருக்கார் என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணி சிரிக்கவில்லை.

நோயாளியாக யாராவது உட்கார வேண்டும். அண்ணி சித்தியைக் கைகாட்டினார். தொட்டில் துணியை முதுகுக்குப் பின்னால் இறக்கி, தொடைக்கு அடியில் நுழைத்து, நாலு வளையத்தையும் கொக்கியில் மாட்டினார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மிஷின் உறுமியது, நாற்காலி கீழே போயிற்று. உண்மையில் நாற்காலி இருந்த இடத்தில்தான் இருந்தது, சித்திதான் மேலே போனாள். முழங்கால் நெஞ்சுக்கு வந்தது. கால் தரையைத் தேடியது. தரை இல்லை. இந்தப் பதினோரு வருடத்தில் எத்தனை பேரைக் கேட்காமல் கொள்ளாமல் திருப்பியிருக்கிறோம், புரட்டியிருக்கிறோம் என்று ஒரு நொடியில் அத்தனை முகமும் வந்து போயிற்று.

அண்ணி மற்ற இரண்டு பேரையும் டீ குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினார். கதவைச் சாத்தினார். பட்டன் பெட்டி அவர் கையில் இருந்தது.

"வியாழக்கிழமை என்ன சொல்லப் போறே?"

"முதல்ல இறக்குங்க மேடம்."

"மேடம் எல்லாம் வேண்டாம். இப்ப நான் அண்ணியாத்தான் கேக்கிறேன். என்ன சொல்லப் போறே?"

துணி தொடையை அறுத்தது. சித்தி ஒரு பக்கமாகச் சுழன்று சுவரைப் பார்த்து நின்றாள். அண்ணி ஒரு விரலால் முழங்காலைத் தள்ளி, தன் பக்கம் திருப்பினார். கோபமாகக்கூடப் பேசவில்லை. பயந்து போயிருந்தார், அதுதான் இன்னும் மோசம். தனக்கும் இதை யாரும் சொல்லித் தரவில்லை என்றும், மேலிடத்திலிருந்து தலைப்பு மட்டும்தான் வரும் என்றும், முப்பது வருட வேலை ஒரு ரிஜிஸ்டரில் தொங்குகிறது என்றும் சொன்னார். தொங்குவது யார் என்று சித்திக்குக் கேட்கத் தோன்றியது.

"மூணு மணி நேரம். செய்முறையோட. நான் அவசரத்துல மறந்துட்டேன். நீ இவ்வளவுதான் சொல்லணும். உன்னைக் கொஞ்ச நாள் துணி துவைக்கிற பக்கம் போடுவாங்க. அப்புறம் நான் பார்த்துக்கிறேன். சொல்லு, பார்ப்போம்."

"இறக்குங்க அண்ணி."

"சொல்லு."

சித்தி சொன்னாள். "மூணு மணி நேரம். செய்முறையோட. நான்தான் மறந்துட்டேன்."

இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். இன்னொரு தடவையும் சொன்னாள். அண்ணி பட்டனை அழுத்தினார், மிஷின் இன்னும் ஒரு முழம் மேலே தூக்கியது. எது இறக்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வேறொரு சமயமாக இருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பார்கள். டீ குடித்துவிட்டு நெட்டை வந்துதான் இறக்கினார்.

வியாழக்கிழமை வந்தது. ஆய்வாளர் குள்ளமான ஒரு அம்மாள். கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டு மேஜையெல்லாம் தேடினார். சித்தி தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். அவர் சிரித்து, உட்காருங்கம்மா என்றார். ரிஜிஸ்டர் அவர் முன்னால் திறந்திருந்தது. இந்தக் கையெழுத்து உங்களுடையதா என்று கேட்டார். ஆமாம். வகுப்புக்கு வந்திருந்தீர்களா? வந்திருந்தேன். எவ்வளவு நேரம்?

"மூணு மணி நேரம். செய்முறையோட. நான்தான் மறந்துட்டேன்."

கேட்காத கேள்விக்கும் சேர்த்துப் பதில் வந்துவிட்டது. ஆய்வாளர் எழுதிக்கொண்டார். பக்கத்தைத் திருப்பி, அந்த மிஷினில் ஆளை உட்காரவைத்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். எல்லாரையும் கேட்கிற கேள்வி போலிருக்கிறது, தலைகூட நிமிரவில்லை. படத்தாளில் இருப்பது, வளையத்தைச் சரிபார் என்பது. சித்திக்கு அது வாயில் வரவில்லை.

"தூக்கப் போறேன்னு அவங்ககிட்ட சொல்லணும். இல்லேன்னா தரை காணாமப் போயிடும்."

பேனா நின்றது. "இது இந்தத் தாள்ல எங்கேயும் இல்லையே. எந்த வகுப்புல சொன்னாங்க?"

"யாரும் சொல்லலை. தொங்கினப்ப தெரிஞ்சுது."

"எப்ப தொங்கினீங்க?"

"முந்தாநாள்."

சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. ஆய்வாளர் ரிஜிஸ்டரின் தேதியைப் பார்த்தார், சித்தியைப் பார்த்தார். வழக்கமாக அந்த வகுப்பு எப்படி நடக்கும் என்று, அதட்டாமல், அக்கம்பக்கத்தாள் விசாரிக்கிற மாதிரிக் கேட்டார். சித்தி எல்லாவற்றையும் சொன்னாள். ஏழு மணி, மாட்டிய பை, ஒரு வரி. அந்த ஒரு வரியைத் தான் எப்படி எடுத்துக்கொண்டாள் என்பதையும் சொன்னாள். ஆய்வாளர் அதை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். "ரெண்டு விதமாவும் வருதே" என்றார்.

பிறகு பேனாவைக் கீழே வைத்தார். முதலில் ஒன்று சொன்னீர்கள், இப்போது ஒன்று சொல்கிறீர்கள், எதற்குக் கீழே கையெழுத்து வாங்குவது என்று கேட்டார். ஒளிக்காமல் விளைவையும் சொன்னார். முதலாவது என்றால் தப்பு ஒருத்தருடையது. சித்தி மூன்று மாதம் துணி துவைக்கும் பக்கம் இருப்பாள், அத்தோடு கோப்பு மூடப்படும். இரண்டாவது என்றால் பொய்க் கையெழுத்து வாங்கியவர், போட்டதாக ஒப்புக்கொண்டவர், இரண்டு பேர் அட்டையும் இந்த நிமிடமே வாங்கப்படும். விசாரணை முடிய ஆறு மாதமாகலாம். திரும்பி வராமலும் போகலாம்.

சித்தி கதவைப் பார்த்தாள். கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணியின் புடவைக் கரை தெரிந்தது. இன்றைக்குச் சாயங்காலம் அதே வீட்டு வாசலில் ஒருவர் பின் ஒருவராக நுழைய வேண்டும். வீட்டுக்காரர் என்ன கேட்பார் என்பதும் தெரியும், தான் என்ன சொல்ல முடியாது என்பதும் தெரியும்.

"எதை எழுதினா அந்த மிஷின் பயிற்சி ரூமை விட்டு வெளியே வரும்?"

ஆய்வாளர் பேனாவை மறுபடி எடுத்தார். "ரெண்டாவதை எழுதினா. மாடி முழுக்கத் திரும்பவும் சொல்லித் தரணும். தராம மாடியை நடத்த விட மாட்டோம்."

"அப்ப அதையே எழுதுங்க."

எழுதியதை வாசித்துக் காட்டச் சொன்னாள். வாசித்துக் கேட்ட பிறகு கையெழுத்துப் போட்டாள். கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றியபோது நாடா தலைமுடியில் சிக்கிக்கொண்டது. ஆய்வாளரே எழுந்து வந்து எடுத்துவிட்டார். அடுத்து அண்ணி உள்ளே போனார். பத்து நிமிடத்தில் அவருடைய அட்டையும் மேஜைக்கு வந்துவிட்டது.

சித்தி பையை எடுக்க இரண்டாம் மாடிக்குப் போனாள். மதியச் சாப்பாட்டு நேரம். நெட்டையும் அந்தப் பெண்ணும் விசாரணைக்காகக் கீழே வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் பதிலாகக் கீழ்மாடியிலிருந்து ஆட்கள் வர வேண்டும், இன்னும் வரவில்லை. தட்டுகளை மட்டும் யாரோ வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

"சித்தி."

ஸ்டேஷன் மாஸ்டர் தலையணையிலிருந்து சரிந்து கிடந்தார். இடது கை எப்போதோ போனது. வலது கைக்குக் கட்டுப் போட்டிருந்தது. மசித்த சாப்பாடு கைக்கெட்டும் தூரத்தில் ஆறிக்கொண்டிருந்தது, கைதான் இல்லை. சித்தியின் கை தானாக முன்னால் போயிற்று. வாசற்படியில் நிறுத்திக்கொண்டாள்.

"தூக்கி உட்கார வை. கழுத்து வலிக்குது."

"ஆளுங்க வந்துகிட்டிருக்காங்க, ஸ்டேஷன் மாஸ்டர்."

"அப்ப நீ யாரு?"

அதற்குள் அண்ணி பின்னால் வந்து நின்றார். கண் சிவந்திருந்தது. சித்தியைப் பார்க்கவில்லை, கட்டிலைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, தணிந்த குரலில் சொன்னார்.

"யார் பார்க்கப் போறா? நீ அந்தப் பக்கம் பிடி. நான் இந்தப் பக்கம் பிடிக்கிறேன்."

பதினோரு வருடத்தில் அண்ணி ஒருவரைத் தூக்கக் கை நீட்டியது அதுதான் முதல் தடவை. சரி என்று சொல்ல எவ்வளவு நேரம்? கட்டிலுக்கு இரண்டே எட்டு.

"எப்படிப் பிடிக்கணும்னு உங்களுக்குத் தெரியுமா அண்ணி?"

அண்ணி நீட்டிய கையை இழுத்துக்கொண்டார்.

"எனக்கும் தெரியாது" என்றாள் சித்தி. "தெரியும்னு நினைச்சுத்தான் அன்னிக்கு ஒடிச்சேன்."

கட்டிலிலிருந்து குரல் வந்தது. "ரெண்டு பேர் வாசல்ல நிக்கிறீங்க. ஒருத்திக்குக்கூடக் கை இல்லையா?"

சித்தி வெளிச்சுவரில் இருந்த மணியை அழுத்தினாள். அந்த மாடியில் அதைக் கேட்கிற இரண்டு பேரும் அந்த வாசலில்தான் நின்றார்கள். மறுபடி அழுத்தினாள். கீழே கேட்கட்டும். அண்ணி நகரவில்லை. போவதற்கும் இடமில்லை; போனால் இரண்டு பேரும் ஒரே வீட்டுக்குத்தான் போக வேண்டும்.

"சாப்பாடு என்னன்னாவது சொல்லு" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

சித்தி படியைத் தாண்டாமல் எட்டிப் பார்த்தாள். "பச்சையா ஏதோ இருக்கு. கீரையா, பட்டாணியான்னு இங்கேருந்து தெரியலை."

"அப்ப கிட்ட வந்து பாரு."

"வரக் கூடாது. அட்டை போயிடுச்சு, வந்தா கை சும்மா இருக்காது."

அவர் தட்டிலிருந்து கண்ணை எடுத்தார். "சரி, அங்கேயே நின்னு பேசிக்கிட்டிரு" என்றார். சித்தி ஒரு கையால் மணியை அழுத்தியபடியே பேச ஆரம்பித்தாள்.